ஆறாவது ஆள்

இருதயம்மாள் கூடையை இறக்கி வைத்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை. மழை நாளில் பசுந்தாங் பேட்டையில் யாரும் கீழே இறங்க மாட்டார்கள். மூன்றாம் மாடி, நாலாம் மாடியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்கி, "அக்கா, ஐம்பதுக்குப் போடு" என்று கத்துவார்கள். முளைகட்டி அவித்த பட்டாணிக்கு அங்கே பெப்யோ என்று பெயர். தமிழனோ பர்மாக்காரனோ சீனனோ, காலையில் அது இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. அன்றைக்கு அவள் கூடை சீக்கிரமே காலியாகிவிட்டது.

படியேறி உள்ளே வந்தால், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் ஏசுரத்தினம் சார் உட்கார்ந்திருக்கிறார். கோயில் சபைத் தலைவர், ரிட்டையரான ஹெட் கிளார்க். ஏழு வருஷமாக இந்தப் படியில் கால் வைக்காத மனுஷன். இவள் புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அந்த வாரமே பூசையில் இவள் உட்கார்ந்த பெஞ்சியை விட்டு எழுந்துபோய் வேறு பெஞ்சியில் உட்கார்ந்த மகராசன். இப்போது குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்திருக்கிறார். என்ன அதிசயமோ!

அவள் புருஷன் சகாயராஜ் சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டு, முட்டியில் கையை வைத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஜெயிலில் அதிகாரி வந்தால் அப்படித்தான் உட்கார வேண்டுமாம். வெளியே வந்து நாலு மாதமாகிறது. இஸ்திரிச் சட்டை போட்ட யார் வந்தாலும் அவனுக்குக் கால் தானாக மடங்கிவிடுகிறது. 

"வாங்க சார். டீ போடவா?"

"வேணாம்மா. நல்ல சேதியோட வந்திருக்கேன். வெளிநாட்டுல இருந்து நம்ம கோயிலுக்கு ஒரு உதவி வருது. ஜெயில்ல இருந்து வந்த நம்ம தமிழ் ஆளுங்களுக்கு. போர்வை, அரிசி, வேலைக்குச் சிபாரிசு. அத நடத்துறதுக்கு ஒரு ஆலோசனைக் குழு போடச் சொல்றான். அதுல ஒரு ஆளு உள்ள இருந்து வந்தவரா இருக்கணும்னு எழுதியிருக்கான். நம்ம சகாயராஜைப் போட்டிருக்கோம்."

"நான் எதுக்கு சார்?" என்றான் சகாயராஜ், தரையைப் பார்த்தபடி. "எனக்கு பர்மா எழுத்துகூட வராது. படிச்சவங்களா பாத்துப் போடுங்க."

"படிச்சவங்க அஞ்சு பேரு இருக்கோமய்யா. உன்ன மாதிரி ஆளுதான் இல்ல."

இருதயம்மாள் ஈரத் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சார், அந்தப் பேரு விஷயம்?"

பேர் விஷயம்தான் அந்த வீட்டின் விஷயமே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பப் பட்டியல் உண்டு. யார் யார் அந்தக் கூரைக்குக் கீழே படுக்கலாம் என்று வார்டு ஆபீஸ் எழுதிக் கொடுத்த தாள். சகாயராஜுக்குத் தண்டனை ஆனதும் அவன் பேரைச் சிவப்பு மையால், ஸ்கேல் வைத்து, நேராக அடித்துவிட்டார்கள். அந்தப் பேர் திரும்ப ஏறினால்தான் அடையாள அட்டை. அட்டை இருந்தால்தான் எந்தப் பட்டறையும் வேலை கொடுக்கும். அதுவரைக்கும் அவன் சொந்த வீட்டில் விருந்தாளி. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே விருந்தாளி. வாரா வாரம் சனிக்கிழமை இருதயம்மாள் வார்டு ஆபீசுக்குப் போய் விருந்தாளிப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். வந்தவர் பெயர்: சகாயராஜ். உறவு: புருஷன். எத்தனை நாள் தங்குவார்: ஏழு நாள். அங்கே இருக்கிற குமாஸ்தாப் பெண் ஒவ்வொரு தடவையும் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சின்னப் பெண், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

"பேருக்குத்தானே? குழுவோட லெட்டர்ல எழுதிக் குடுத்தா லூஜி மாட்டேன்னு சொல்ல முடியாது" என்றார் ஏசுரத்தினம். வார்டுத் தலைவரை எல்லோரும் லூஜி என்றுதான் சொல்வார்கள். "குழு நடக்குறதுக்கே அவருகிட்டதான் பர்மிஷன் வாங்கியிருக்கோம். கிறிஸ்மஸுக்குள்ள ஏத்திரலாம்."

"அப்ப இவரு வருவாரு சார்."

"இருதயம்…" என்றான் சகாயராஜ்.

"நீங்க சும்மா இருங்க. வருவாரு சார்."

அவர் போன பிறகு இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்தது. சண்டை என்றால் பேசியதெல்லாம் இவள்தான்.

"ஏங்க, கூப்பிட்டு வெச்சு மரியாத குடுக்குறாங்க. வாங்கிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"மரியாதைக்கா கூப்பிடுறாங்க? எவனோ எழுதியிருக்கான், அதுக்காகக் கூப்பிடுறாங்க."

"எதுக்காகவோ இருந்துட்டுப் போகுது. ஆன்மேரிய நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தா அப்பன் பேரு எங்கன்னு கேப்பானா மாட்டானா? விருந்தாளின்னு சொல்லவா?"

மகள் ஆன்மேரி தையல் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தனக்காப் பட்டைச் சாந்து பூசியபடி, "யாபாடே, அமே" என்றாள், பரவாயில்லை என்று. அவளுக்குத் தமிழ் விளங்கும், வாயில் வருவது பர்மியம்தான். அப்பா உள்ளே போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் எதிர்த்துப் பேசிப் பழக ஆள் இல்லாமல் போய்விட்டது.

சகாயராஜ் திருடினவனும் இல்லை, வெட்டினவனும் இல்லை. மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவன். பழைய செம்புக் கம்பி மலிவாக வந்தது, வாங்கினான். அது சர்க்கார் கம்பி. கொண்டு வந்தவன் தப்பித்தான், சுற்றினவன் மாட்டிக்கொண்டான். தெரிந்து வாங்கினானா என்றால், அரைகுறையாகத் தெரியும் என்பதுதான் உண்மை. இருதயம்மாளே அதை மறுக்க மாட்டாள். ஆனால் அதற்கு ஏழு வருஷமா? அதிலும் கடைசி மூன்று வருஷம் கல் உடைக்கிற முகாமில். காயில் சுற்றிய விரல் இப்போது ஊசியில் நூல் கோர்க்காது. அதனால் ஓடைக்கரைப் படகுத்துறைக்கு அரிசி மூட்டை தூக்கப் போகிறான். அங்கே அட்டை கேட்பதில்லை, முதுகைத்தான் பார்ப்பார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவனுக்கு வெள்ளைச் சட்டை, புதுக் கைலி. பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் கூட்டம். "கூட்டத்துக்கு ஏதாச்சும் பலகாரம் கொண்டாம்மா" என்று ஏசுரத்தினம் சொல்லியிருந்தார். இருதயம்மாள் பெப்யோவை வெங்காயம் வதக்கித் தாளித்து, சுடச்சுட நான் ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். தன் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து பெரிய மனுஷர்களோடு பேசுவதை ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேறொன்றும் இல்லை.

சகாயராஜ் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு ஒட்டாமல். உள்ளே ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மேசையில் குழுவின் பேர் எழுதின புது நோட்டு இருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"நடக்குது."

"நீங்க ஏன் வெளிய இருக்கீங்க?"

அவன் காலை ஒடுக்கி வழி விட்டான். இவள் தட்டோடு உள்ளே நுழைந்தாள். ஏசுரத்தினம் தட்டைப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அஞ்சு பேருக்கு மேல ஒரு எடத்துல கூடக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல. பூச, செபம்னா கண்டுக்க மாட்டான். கமிட்டின்னா கேப்பான். லூஜி கண்டிச்சுச் சொல்லிட்டாரு, உள்ள அஞ்சு பேருதான்னு."

"குழுவுல ஆறு பேருன்னுதானே சொன்னீங்க?"

"ஆறுதாம்மா. நோட்டுல ஆறு பேரும் இருக்கு. பாரு, ஆறாவதா சகாயராஜ். முடிஞ்ச பிறகு உள்ள கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிக் கையெழுத்து வாங்குவோம்."

"யாரு வெளிய உக்காருறதுன்னு சீட்டு எழுதிப் போட்டீங்களா சார்?"

உள்ளே இருந்த மற்ற நாலு பேரும் ரொட்டியைப் பார்த்தார்கள்.

"நாங்க யாரும் சொல்லலம்மா" என்றார் ஏசுரத்தினம். "அஞ்சு பேருதான்னு நான் சொன்னேன். சொல்லி முடிக்கல, அவரே எந்திரிச்சுப் போயிட்டாரு."

அது பொய்யில்லை என்று இருதயம்மாளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்தால்கூடத் தேவலையே என்று இருந்தது. தட்டை அவர்கள் தலையில் கவிழ்த்துவிட்டு, புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பேர் ஏற வேண்டுமே! வாயை மூடிக்கொண்டு ஐந்து தட்டில் பரிமாறினாள். ஆறாவதை வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"இருக்கட்டும் இருதயம். இங்கன காத்து வருது" என்றான் அவன். ரொட்டியைப் பிய்த்து, தலையைக் குனிந்து, வேகவேகமாகத் தின்றான். யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்கிற மாதிரி தின்கிற அந்த விதமும் ஜெயிலில் கற்றதுதான்.

நவம்பர் கடைசியில் மழை விட்டுக் குளிர் வந்தது. போர்வைகள் கோயிலுக்கு வந்து இறங்கிவிட்டன. யார் யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் வேண்டும். அந்த வேலையை ஆறாவது ஆளுக்குக் கொடுத்தார்கள். ஜெயிலிலிருந்து வந்தவன் எங்கே இருக்கிறான் என்று ஜெயிலிலிருந்து வந்தவனுக்குத்தானே தெரியும். பேர், வயது, இப்போது படுக்கிற இடம் எல்லாம் வேண்டும், பர்மிய எழுத்தில் வேண்டும்.

சகாயராஜ் இரண்டு வாரம் அலைந்தான். மூட்டை தூக்கிவிட்டு அந்தக் களைப்போடு தின்கன்ஜூன் வரைக்கும் நடந்தான். பஸ் ஏறுவதற்குப் பயம், நடுவில் நிறுத்தி அட்டை கேட்டால் என்ன செய்வது. ஒவ்வொருத்தனையும் பார்த்து, "போர்வை தர்றாங்கப்பா, உன் பேரக் குடுக்கலாமா?" என்று கேட்டான். சரி என்றவன் பேரை மனசில் எழுதிக்கொண்டான். அந்த நாட்களில் அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததை இருதயம்மாள் பார்த்தாள். சோறு போடும்போது, "பாவம் அந்தப் பய, சாக்கு மேல படுத்திருக்கான்" என்று தானாகவே பேசினான். இப்படிப் பேசி எத்தனை வருஷமாயிற்று!

ஒரு காலையில் பட்டாணியைக் கழுவி, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு அவள் கோடு போட்ட தாளை எடுத்து உட்கார்ந்தாள். ஏழாவது வரை பர்மியப் பள்ளியில் படித்தவள். எழுத்து வட்ட வட்டமாக, முத்து மாதிரி இருக்கும். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். பதினோரு பேர்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்விட்டான். "சாருகிட்ட நீயே குடுத்துரு" என்று படியிலிருந்து சொன்னான்.

தாளை மடிக்கும்போது இருதயம்மாளுக்கு அய்யாசாமி ஞாபகம் வந்தது. அந்தப் பேரை மறக்க முடியுமா? கல் முகாமில் சகாயராஜ் காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும், அவன் உடைக்க வேண்டிய கல்லையும் சேர்த்து உடைத்தவன். ஆளுக்கு இவ்வளவு குவியல் என்று கணக்கு, குறைந்தால் அடி. பதினோரு நாள் இரண்டு குவியல். அதை அவன் சொல்லக் கேட்டு இவள் அழுத அழுகை இவளுக்குத்தான் தெரியும். அய்யாசாமியும் வெளியே வந்துவிட்டான், ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் சோப்பு ஆலைக்குப் பின்னால் அக்கா லதா வீட்டில் இருக்கிறான் என்று சகாயராஜ் ஒரு தரம் சொல்லியிருந்தான். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுவான். இவள் ஒரு தரம் கருவாட்டுப் பொடி செய்து, ஓடைக்கரைக்கு வருகிற ஒரு மூட்டைக்காரனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

அவனைப் போய் விட்டுவிட்டாரே! ஏன் விட்டார் என்று யோசித்தாள். தன் ஆளுக்குச் செய்துகொண்டான் என்று கமிட்டியில் பேச்சு வரும் என்று கூச்சப்பட்டிருப்பார். இவருக்கு இருக்கிற கூச்சத்துக்கு ஒரு அளவே இல்லை, அந்தக் கூச்சத்தால்தானே வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஆற்றங்கரைக் குளிரில் அந்தத் தம்பி எதைப் போர்த்திப் படுக்கிறானோ. இருதயம்மாள் தாளைப் பிரித்தாள். பன்னிரண்டு என்று எண் போட்டு, அய்யாசாமி, லதா வீடு, சோப்பு ஆலைக்குப் பின்புறம், தன்லியின் என்று அழகாக எழுதினாள். எழுதும்போது மனசு நிறைந்திருந்தது. ஒரு நன்றிக்கடனில் கொஞ்சமாவது தீர்த்தோம் என்று நினைத்தாள். நடந்துபோய் ஏசுரத்தினம் சார் கையில் கொடுத்தாள்.

"பேஷ், பேஷ்! என்ன எழுத்தும்மா. லூஜிக்கு இதையே குடுத்துரலாம், திரும்ப எழுத வேண்டியதில்ல" என்றார் அவர்.

"அவருக்கு எதுக்கு சார்?"

"ஒரு காப்பி குடுக்கணும்னு பர்மிஷன்லயே இருக்கும்மா. ஒப்புக்குத்தான். வாங்கி மூலையில போடுவான்."

அடுத்த புதன்கிழமை வார்டு ஆபீசிலிருந்து ஆள் வந்து அவளைக் கூப்பிட்டான். லூஜியே இருந்தார். வெற்றிலைக் காவிப் பல்லைக் காட்டிச் சிரித்தார். குமாஸ்தாப் பெண் அன்றைக்குச் சிரிக்கவில்லை, புதுத் தாள் போட்டு மூன்று பேர் எழுதினாள். சகாயராஜ், குடும்பத் தலைவன். இருதயம்மாள், மனைவி. ஆன்மேரி, மகள். முத்திரை விழுந்த சத்தம் அவளுக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது.

கோழி வாங்கிக் குழம்பு வைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் அவன் படியேறி வந்ததும் தாளைக் கண்ணுக்கு நேராக நீட்டினாள். "பாருங்க! குடும்பத் தலைவனாம்!"

அவன் தாளைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தான். மூட்டைத் தூசி படிந்த முகத்தில் உதடு வெளுத்திருந்தது.

"எத்தன பேரு எழுதுன?"

"என்னது?"

"அந்தத் தாள்ல. எத்தன பேரு எழுதுன இருதயம்?"

"நீங்க சொன்ன பதினொண்ணு. அப்புறம் நம்ம அய்யாசாமிய விட்டுட்டீங்கன்னு…"

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"தன்லியின்ல இருந்து வந்த மூட்டைக்காரன் சொன்னான். காலையில சோப்பு ஆலைக்குப் பின்னால போலீசு. லதா வீடுன்னு பேரச் சொல்லிக் கேட்டு வந்து அய்யாசாமியப் புடிச்சிட்டுப் போனாங்களாம். அவன் விடுதலையாகி வந்தவன் இல்ல இருதயம். கல்லு ஏத்திட்டுப் போன லாரியில இருந்து குதிச்சு, தப்பிச்சு வந்தவன்."

இருதயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மாதாவே! எங்கிட்ட ஏன் சொல்லல நீங்க? எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"உனக்குத் தெரியாம இருந்தா உனக்கு நல்லதுன்னு நெனச்சேன். நாளைக்கு எவனாச்சும் ஒன்னயக் கூட்டிட்டுப் போய்க் கேட்டா, தெரியாதுன்னு சொல்லலாமேன்னு."

குழம்பை யாரும் தொடவில்லை. ஆன்மேரி வேலையிலிருந்து வந்து அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சட்டியை மூடி வைத்தாள். மறுநாள் இருதயம்மாள் ஏசுரத்தினம் வீட்டுக்கு ஓடினாள். அவர் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். "தப்பிச்சவன்னு நமக்கு எப்பிடிம்மா தெரியும்? நீதானே எழுதிக் குடுத்த? இத இதோட விட்ரு. கிளறினா குழுவுக்கே கெட்ட பேரு" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில் லதா வந்தாள். அய்யாசாமியின் அக்கா. சோப்பு ஆலையில் கட்டி அறுக்கிறவள், கையெல்லாம் காரத்தில் வெந்து தோல் உரிந்திருந்தது. இவர்களை அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அண்ணே, நீங்கதான் சகாயராஜ் அண்ணனா? தம்பி உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசும்." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எம் பேரு லதா. தம்பியப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கண்ணே. நீங்க கமிட்டியில இருக்கீங்களாமே. உள்ள இருந்து வந்தவங்களுக்காகப் பேசுற ஆளு நீங்கதான்னு சொன்னாங்க. எங்க வெச்சிருக்காங்கன்னாச்சும் கேட்டுச் சொல்லுங்கண்ணே. திரும்பவும் கல்லுக்கு அனுப்பினா அது தாங்காது. அதுக்கு நெஞ்சுல சளி."

 இருதயம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே நின்றாள், ஆறிப்போன பிறகும் ஆற்றினாள்.

"யாரோ எழுதிக் குடுத்திருக்காங்கண்ணே. போலீசு கையில தாள் இருந்துச்சு. எங்க வீட்டு அடையாளம், ஆலைக்குப் பின்னாலன்னு, எம் பேரு முதக்கொண்டு. யாருண்ணே அப்பிடி எழுதியிருப்பா? நாங்க யாருக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?"

இருதயம்மாளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. நான்தான் என்று ஒரே வார்த்தை. அதை விழுங்கிக்கொண்டாள். டீ கிளாசை நீட்டினாள், லதா வாங்கிக்கொண்டாள்.

"நான்தாம்மா எழுதுனேன்" என்றான் சகாயராஜ்.

லதா அவனைப் பார்த்தாள். விளங்கவில்லை அவளுக்கு. அவன் தலையைக் குனியவில்லை, முட்டியில் கை வைக்கவில்லை, நின்றபடியே திரும்பச் சொன்னான். "போர்வை குடுக்குறதுக்குன்னு எழுதுனேன். புத்தி கெட்டு எழுதிட்டேன்."

லதா கத்தவில்லை. கிளாசைத் தரையில் வைத்தாள், ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "ரெண்டு பேரு கல்ல ஒடைச்சுச்சே அது, உனக்காக" என்றாள். அண்ணே என்கிற சொல் போய்விட்டது. வாசல்படியில் காறித் துப்பிவிட்டு இறங்கிப் போனாள். மூன்று மாடியும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

லதா வைத்துவிட்டுப் போன கிளாசை இருதயம்மாள் எடுத்தாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு கேவலமாக இருந்தது. "நான்தான்னு நான் சொல்லியிருக்கணும்" என்றாள்.

இல்லை, பரவாயில்லை, உனக்கென்ன தெரியும் என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளை விட்டுக் கொடுத்ததே இல்லை.

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றான்.

கோயில் மணி அடித்தது. அவன் ஆணியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டான். பொத்தானைப் போட விரல் வளையவில்லை, நேரம் ஆயிற்று. அவள் போட்டுவிடப் போனாள், அவன் கையை விலக்கினான்.

"எங்க கிளம்புறீங்க?"

"கூட்டம் இருக்கு. இன்னிக்குப் போர்வை குடுக்குறாங்க."

"அந்தக் கூட்டத்துக்கா? வேணாங்க. அந்த வாசல்ல போய் இனிமே உக்கார வேணாம். எழவெடுத்த கமிட்டி! எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துருங்க."

"வெளிய வந்தா லூஜி என்ன செய்வான்? மறுபடியும் சிவப்பு மையும் ஸ்கேலும் எடுப்பான்." கடைசிப் பொத்தான் மாட்டியது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். "நீ எழுதி வாங்குன பேரு இருதயம். காப்பாத்த வேணாமா?"